கத்தரிக் கட்டாரிகள் இரண்டு

தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். வைத்தவர்கள் கடைக்காரர்கள். எடை அளவை ஆய்வாளராக அவர் வேலை பார்த்த காலத்தில், இந்த முனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அந்த முனையில் இருக்கும் எடைக்கற்கள் எல்லாம் தாமாகவே யோக்கியமாகிவிடும் என்பார்கள். அடியில் சுரண்டிய கல்லை அவர் கையில்கூட எடுக்க வேண்டாம். மேசையில் வைக்கும் சத்தத்திலேயே எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் மோதிரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்து, "பித்தளை" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவருக்குப் பரிமாறிய கை அப்படியே நின்றது; அந்த இரண்டு குடும்பங்களும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு இந்தியாவின் பழைய கைப்போர்க் கருவிகள் மேல் பைத்தியம் பிடித்தது பெரிய ஆச்சரியம் இல்லை. அந்த உலகத்தில் அசல் ஒன்று இருந்தால் போலி நூறு இருக்கும். போலி இல்லாத இடத்தில் தராசுக்கு என்ன வேலை?

வீடு முழுக்க இரும்பு. விரல்களில் மாட்டி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்ளும் புலிநகம் கூடத்துச் சுவரில். இரண்டு மான்கொம்புகளை எதிரெதிராகக் கட்டி நுனிக்கு எஃகுப் பூண் போட்ட ஆயுதம் படுக்கையறையில். இடுப்பில் பெல்ட் மாதிரி சுற்றிக்கொள்ளும் சுருள்வாள் குளியலறைக் கதவுக்குப் பின்னால். துண்டு எடுக்கப் போன விருந்தாளி ஒருவர் குளிக்காமலே ஊர் திரும்பினார். வருகிறவர்கள் எல்லாரும் நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். "இந்த வீட்ல காய் நறுக்க மட்டும்தான் கத்தி இல்ல" என்பார் அவர் மனைவி.

இத்தனைக்கும் ராஜா அந்தக் கத்தரிக் கட்டாரி. கட்டாரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அதற்கு மற்றக் கத்திகள் மாதிரி நீளப் பிடி கிடையாது. இரண்டு பக்கமும் இணையாக இரண்டு கம்பிகள், நடுவில் ஏணிப்படி போலக் குறுக்குப் பிடி. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பிடியைப் பற்றினால், அலகு விரல் முட்டிக்கு நேர் முன்னால் நிற்கும். குத்துவிட்டால் கத்தியே குத்தும். தராசு வைத்திருந்தது அதிலும் அபூர்வ ரகம். பிடியையோ கம்பிகளையோ அமுக்கினால் அலகு கத்தரிக்கோல் மாதிரி இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருந்து மூன்றாவது அலகு ஒன்று நாக்கை நீட்டும். கம்பிகளில் மயிரிழைத் தங்கப் பதிப்பு. அதை அவர் பேர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, "அவர்" என்பார். "அவருக்கு எண்ணெய் போட்டாச்சா?"

அந்த வீட்டில் ஒரு பிள்ளையும் இருந்தான். ஒரே பிள்ளை. பல் செட் செய்கிற பட்டறையில் வேலை. மெழுகில் அச்செடுத்து, உலோகத்தில் வார்த்து, அராவி, மெருகேற்றி, ஊரில் பல் போனவர்களை எல்லாம் மறுபடி முறுக்குக் கடிக்க வைப்பவன். அவன் செய்த பல்லைப் போட்டுக்கொண்ட கிழவர் ஒருவர் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்றால் வேலைத்திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசுக்கு மட்டும் அது வேலையாகவே படவில்லை. "அப்பன் போலியைப் புடிக்கிறவன், புள்ள போலிப் பல்லு செய்யுறவன். ஒரே வீட்ல போலீசும் திருடனும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பிள்ளையும் கூடச் சிரிப்பான். அவன் சிரிப்பு எடை குறைவாக இருந்ததை அந்தத் தராசு கவனித்ததில்லை.

ஞாயிறுதோறும் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். கடிகாரம் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் பின்னறை. நீள மேசை, அதன்மேல் பச்சைத் துணி, தலைக்கு மேல் விளக்கு. யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தால், அது கை மாறி மாறிச் சுற்றி வரும். எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு தீர்ப்பு. போலி என்று முடிவானால் அங்கே ஒரு வழக்கம்: மூலையில் இருக்கும் பட்டறைக்கல்லில் வைத்து அப்போதே உடைத்துவிட வேண்டும். நாளைக்கு அது இன்னொருவனிடம் போய் அசல் என்று நடிக்கக் கூடாது அல்லவா? கொண்டுவந்தவன் இடுக்கியால் பிடித்துக்கொள்வான். கண்டுபிடித்தவன் சுத்தியலால் அடிப்பான். பெரும்பாலும் சுத்தியல் தராசின் கையில்தான் இருக்கும். அவர் உடைத்த போலிகளைக் கொண்டு ஒரு ரயில் பாலம் கட்டலாம்.

அவர் ஓய்வு பெற்ற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை ஒரு துணி மூட்டையோடு உள்ளே வந்தான். மேசைமேல் பிரித்தான். பச்சைத் துணியில் இரண்டு கத்தரிக் கட்டாரிகள், பக்கத்தில் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

"அப்பா, இதுல ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு நான் செஞ்சது, உங்களுக்காக. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

அறையில் ஈ பறந்திருந்தால் அதன் இறக்கை அடிப்பதை எண்ணியிருக்கலாம். சேகரிப்பாளர்களில் சுருட்டு என்று ஒருவர்; அவர் மட்டும் வாயில் எப்போதும் இருக்கும் பற்றவைக்காத சுருட்டை எடுத்தார். அந்தச் சுருட்டால்தான் அவருக்கு அந்தப் பெயர். தராசு வழுக்கி விழும் நாளுக்காகவே உயிரோடு இருந்தவர். "இன்னிக்குத் தராசையே எடை போடறாங்கப்பா" என்றார்.

தராசு வெள்ளைக் கையுறையை மாட்டினார். லென்ஸை எடுத்தார். வெளி அகலத்தை அளக்கும் கருவியால் இரண்டையும் அளந்தார். ஒரு நூல் பிசகவில்லை. எஃகும் பழசுதான், இரண்டிலும் நீரோட்ட வரிகள் தெரிந்தன. அவர் உதவாது என்று பெட்டியில் போட்டிருந்த உடைந்த அலகுகளை மகன் எப்போதோ கேட்டு வாங்கிப்போனது அவர் நினைவுக்கு வந்தது. கம்பிகளை வெளிப்பக்கமாக இரண்டு விரலால் அமுக்கினார். இரண்டும் ஒரே மாதிரி வாயைத் திறந்தன. நெற்றியில் வியர்த்தது.

"கையை விட்டுப் பாருங்கப்பா" என்றான் மகன்.

"கையை விட்டுப் பாக்குறதுக்கு இது என்ன வளையலா? வேர்வை பட்டாத் துருப் புடிக்கும். இது தெரியாம கட்டாரி செய்ய வந்துட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மறுபடி லென்ஸுக்குள் போனார். கடைசியில் இடப்பக்கம் இருந்ததைத் தொட்டார். "இவர்தான் அவர்."

எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு வலப்பக்கம் இருந்ததைப் பார்த்தான். பின்னறையில் கழற்றிப் போட்டிருந்த கடிகாரங்கள்கூட அவனுக்காகக் காத்திருந்தன.

"அப்பா சொன்னதுதான் சரி."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சுருட்டு ஏமாற்றத்தில் சுருட்டைக் கடித்தே விட்டார். யாரோ சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வழக்கம் வழக்கம்தானே. மகன் தான் செய்ததை இடுக்கியால் பிடித்துப் பட்டறைக்கல்லில் வைத்தான். கை ஆடவில்லை. பல்லுக்கு மெழுகு பிடித்துப் பழகிய கை. அப்பா ஓங்கி அடித்தார். பழைய எஃகு கண்ணாடி மாதிரி உடையும், உடைந்தது. துண்டுகளைப் பெருக்கிப் பழைய இரும்புத் தொட்டியில் கொட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தராசுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருந்தே. ஆனா யாருகிட்ட?" என்றார்.

"ஆமாப்பா" என்றான் மகன்.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். பட்டறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போனான். விடுமுறைக்கு வருவான், அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து பேசுவான், அப்பாவிடம் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்பான், போவான். கட்டாரி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு சாதாரணக் காலையில் பட்டறைப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முடி நரைக்காத வயது.

துக்கம் கேட்க ஊரே வந்தது. அவன் செய்த பற்களோடு வந்தவர்களே ஒரு பெருங்கூட்டம். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தபோதுதான், தன் மகன் இத்தனை பேர் வாயில் இருக்கிறான், தன் வீட்டில் அவன் கைபட்ட பொருள் ஒன்றுகூட இல்லை என்று தராசுக்கு உறைத்தது. அலமாரி அலமாரியாகத் தேடினார். யார் யாரோ செத்துப்போன மனிதர்கள் செய்த இரும்பு நிறைய இருந்தது.

சுருட்டும் வந்தார். கிளம்ப எழுந்திருக்கும்போது, ஆறுதலா குத்தலா என்று பிரிக்க முடியாத குரலில் சொன்னார்: "அண்ணே, அன்னிக்குப் பையன் பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க மூஞ்சியைப் பார்த்தான். எனக்கென்னவோ உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னானோன்னு தோணிக்கிட்டே இருக்கு."

வேறு நாளாக இருந்தால் தராசு அவரைப் புலிநகத்தால் கீறியிருப்பார். அன்றைக்கு அந்தப் பேச்சு காதில் தேனாக இறங்கியது.

அப்படியானால்? அப்படியானால் தான் உடைத்தது அசல். அலமாரியில் இருப்பது பிள்ளை செய்தது. வாழ்நாள் முழுக்க யாரும் தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று லென்ஸும் கையுமாக அலைந்த மனிதர், முதல்முறையாகத் தான் ஏமாந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கும்பிடாத தெய்வம் பாக்கியில்லை. எல்லாரிடமும் ஒரே கோரிக்கை: அது போலியாக இருக்கணும்.

தினமும் காலையில் கட்டாரியை எடுத்து ஜன்னல் ஓரம் வைப்பார். ஒருநாள் தங்கம் வெளிறித் தெரியும்: பல் தங்கம்தான், சந்தேகமே இல்லை, பிள்ளை செய்ததேதான். அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார். மறுநாள் வெயில் வேறு மாதிரி விழும், அதே தங்கம் பழுத்துப் பழங்கால மஞ்சளாக மின்னும். அன்றைக்குத் தட்டு அப்படியே இருக்கும். ஊர் எடைக்கல்லை எல்லாம் சத்தத்திலேயே பிடித்த மனிதருக்குத் தன் அலமாரியில் இருக்கும் ஒரு பொருளின் முள் நிற்கவே மாட்டேன் என்றது. மனைவியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியும் கேட்கவில்லை.

கடைசியில் அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தார். அங்கே ஆயுதப் பிரிவுக் காப்பாளராக இருந்த அம்மாள் அவருடைய சேகரிப்புக்காகப் பல வருடம் நடையாய் நடந்து அலுத்துப்போனவர். "எல்லாத்தையும் எடுத்துக்கங்க. சும்மாவே எடுத்துக்கங்க. ஆனா ஒரு நிபந்தனை. இதுல போலி இருக்கு. அதை நீங்க கண்டுபுடிச்சு என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்" என்றார் தராசு.

அந்த அம்மாள் ஒரு மதிய நேரம் வந்தார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், நெற்றியில் சின்ன விளக்கு. சுவர் சுவராகப் போனார். புலிநகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு, இது சமீபத்தில் செய்தது என்றார். மகன் பிறந்த வருடம் வாங்கியது அது. தராசு பஸ் டிக்கெட் கிழிந்ததைக் கேட்டவர் போலத் தலையாட்டினார். மான்கொம்பில் ஒரு கொம்பு மாற்றியது என்றார். "சரி, அப்புறம்?" என்றார் தராசு. சுருள்வாளின் பிடி வேறு வாளுடையது என்றார். "ரொம்ப சந்தோஷம். இங்க வாங்க."

கட்டாரியை அவரே கையுறை மாட்டி எடுத்து மேசைமேல் வைத்தார்.

காப்பாளர் வெகுநேரம் பார்த்தார். கீல் ஆணியைப் பார்த்தார். உள் அலகை இழுத்துப் பார்த்தார். பிறகு கையுறை போட்ட தன் சின்னக் கையைக் கம்பிகளுக்கு நடுவே விட்டார். சாவி பூட்டுக்குள் போவது மாதிரி போய் உட்கார்ந்தது. முகம் மலர்ந்தது.

"அசல், ஐயா. இவ்வளவு நல்ல நிலைமையில நான் பார்த்ததே இல்ல. வாழ்த்துகள்."

தராசு வாதாடினார். எந்தக் கடைக்காரனும் அவரிடம் அப்படி வாதாடியதில்லை. தங்கம் வெளிறியிருக்கிறதே, பல் தங்கமாக இருக்கக் கூடாதா? ஆணித் தலை ரொம்ப வட்டமாக இருக்கிறதே, இயந்திரத்தில் செய்ததாக இருக்கக் கூடாதா? பழைய அலகை எடுத்துப் புதுப் பிடி போட்டிருந்தால்? கெட்டிக்காரப் பையன் ஒருவன், மெழுகில் அச்செடுக்கத் தெரிந்தவன், இராப்பகலாக உட்கார்ந்தால்? காப்பாளர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தேய்மானம் தேய வேண்டிய இடத்தில் இருக்கிறது, துருவுக்கு அடியில் துரு இருக்கிறது, இதையெல்லாம் செய்ய முடியாது.

"எல்லாரும் தன் பொருள் அசல்னுதான் என்கிட்ட சண்டை போடுவாங்க ஐயா. போலின்னு சண்டை போடற முதல் ஆளு நீங்கதான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தராசின் கண்ணைப் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் தராசு சொன்னார். பச்சைத் துணி, இரண்டு கட்டாரி, கைதட்டல், இடுக்கி, சுத்தியல். எல்லாம் சொன்னார். எடை பார்த்தே பழகிய மனிதர், எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "அவன் கையை விட்டுப் பாருங்கன்னான். நான் பாக்கல" என்றார். சொன்னதும் அவருக்கே ஏதோ தட்டியது. கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வேண்டாங்க."

சமையலறை வாசலில் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"ஏன்?" என்றார் தராசு.

மனைவி தட்டை வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன் அதைச் செய்யுறப்ப ஒருநாள் நீங்க மத்தியானம் தூங்கிட்டிருந்தீங்க. பட்டறையிலேர்ந்து மெழுகுத் தகடு கொண்டாந்தான். சுடுதண்ணில முக்கி, உங்க கையை மெதுவா மடக்கி, முட்டியோட அச்சு எடுத்தான். நான்தான் நீங்க முழிச்சுக்காம விசிறிட்டு நின்னேன். பழங்காலத்து ஆளுங்க கை சின்னதாம்மா, அப்பா வீடு பூரா ஆயுதம் வெச்சிருக்காரு, ஒண்ணுலகூட அவரு கை போகாதுன்னான். வெளியளவு அப்படியே இருக்கும், உள்பக்கம் மட்டும் முட்டிக்குக் குழி எடுத்திருக்கேன், அப்பா கை மட்டும்தான் அதுல சரியா உக்காரும்னான்."

காப்பாளர் நெற்றி விளக்கை அணைத்தார்.

"உனக்கு எது உடைஞ்சுதுன்னு தெரியுமா?" என்றார் தராசு.

"அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். பொய் சொல்லியிருந்தா நான் செஞ்சது தப்பிச்சிருக்கும்மா, ஆனா அத்தனை பேரு முன்னாடி அப்பா தோத்திருப்பாருன்னான். அப்புறம் மோர் கேட்டான்."

தராசு கையுறையைக் கழற்றி முடித்தார். கட்டாரியை எடுத்தார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக வெறுங்கை அந்த இரும்பில் பட்டது. நான்கு விரலையும் கூம்பாகக் குவித்துக் கம்பிகளுக்கு நடுவே விட்டார். விரல்கள் போயின. முட்டி நின்றது.

தள்ளினார். திருப்பித் தள்ளினார்.

"சோப்பு கொண்டா" என்றார்.

மனைவி அசையவில்லை. அவரே எழுந்து போய்க் குளியலறையிலிருந்து சோப்பும் தண்ணீருமாக வந்தார். வளையல் கடையில் கையை நீட்டிய பெண்ணைப் போல, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, எலும்புகளை ஒடுக்கி, பல்லைக் கடித்து இன்னொரு முறை தள்ளினார். நுரை தங்கப் பதிப்புக்குள் இறங்கியது. முட்டித் தோல் வழன்று கம்பியில் சிவப்பாகப் பட்டது. பிடி அமுங்கி, அலகு இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து மூன்றாவது அலகு காற்றில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கை மட்டும் அங்கேயே நின்றது.

"போயிரும். கொஞ்சம்தான் பாக்கி" என்றார் தராசு.

மனைவி பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். காப்பாளர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வேலைப் பழக்கம் விடுமா? கட்டாரியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்ததும் அவரையும் மீறி வார்த்தை வந்துவிட்டது.

"ஐயா, சோப்புத் தண்ணி... துருப் புடிச்சிரும்."

"புடிக்கட்டும்மா" என்றார் தராசு. கையை எடுக்கவில்லை.